துணை குடிநோயில், கையில் சின்னக் குழந்தைகள்: எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிவைப்பது

என் கணவரின் குடி முற்றிப்போயிருந்த மூன்று வருடங்களில் எங்கள் மகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்திருந்தாள், மகன் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தான். அதற்கு அப்புறம் குடிப்பவர்களின் குடும்பத்தினர் கூடும் கூட்டங்களுக்குத் தொடர்ந்து போகிறேன், புதிதாக வருபவர்களோடு உட்கார்ந்து பேசுகிறேன். கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே வரிசையில்தான் வருகிறார்கள்: முதலில் அவரைத் திருத்தப் பார்ப்பது, அது நடக்காதபோது சண்டை, சண்டை ஓய்ந்ததும் பணம் போன கணக்கு, எல்லாவற்றுக்கும் கடைசியில் குழந்தைகள். நானும் அப்படித்தான் வந்தேன். அந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பச் சொல்வதுதான் இந்த வழிகாட்டி.

என் வழக்கத்தில் "கணவர்", "அப்பா" என்றே எழுதுகிறேன். குடிப்பது மனைவியாக இருந்தாலும், சிக்கல் மாத்திரையாகவோ போதைப்பொருளாகவோ சூதாட்டமாகவோ இருந்தாலும் படிகள் பெரும்பாலும் இவைதான், மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு, அவர் கண்ணில் படாத இடத்தில். நடுராத்திரி கூப்பிட்டாலும் வந்து நிற்கக்கூடிய பெரியவர்கள் இரண்டு பேர், அவர்களிடம் முன்கூட்டியே "ஒருநாள் ராத்திரி கூப்பிடுவேன், கேள்வி கேட்காமல் வர வேண்டும்" என்று சொல்லிவைத்திருக்க வேண்டும். அவர்களுடைய எண்கள் செல்பேசியில் மட்டும் இருந்தால் போதாது, மனப்பாடமாகத் தெரிய வேண்டும், ஏனென்றால் அந்த மாதிரி ராத்திரியில் முதலில் உடைவதும் பிடுங்கப்படுவதும் செல்பேசிதான்.

அப்புறம் ஒரு பை: குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், அடையாள ஆவணங்கள், தடுப்பூசி அட்டை, வழக்கமாகக் கொடுக்கும் மருந்து, ஆளுக்கு இரண்டு உடை, கொஞ்சம் ரொக்கம், எது இல்லாமல் சின்னவன் தூங்க மாட்டானோ அந்த ஒரு பொம்மையோ போர்வையோ. இதை வீட்டுக்குள் வைக்காதீர்கள், அந்த இரண்டு பேரில் ஒருவர் வீட்டில் கொடுத்துவையுங்கள். பை கண்ணில் பட்டால் அதுவே ஒரு சண்டைக்குக் காரணமாகிவிடும்.

1. இன்று ராத்திரி வீடு பாதுகாப்பானதா என்று பாருங்கள்

இதற்கு முன் வேறு எந்தப் படியும் இல்லை. அவர் அடித்திருக்கிறாரா, கொன்றுவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறாரா, ஆயுதத்தைக் கையில் எடுத்திருக்கிறாரா? ஒரே ஒரு முறை கழுத்தை நெரித்திருந்தாலும் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பின்னால் உயிரே போகும் வன்முறைக்கு அது மிக வலுவான முன்னறிகுறி என்று குடும்ப வன்முறையைப் படித்தவர்கள் கண்டிருக்கிறார்கள். இதில் ஒன்றுக்காவது ஆமாம் என்றால் கீழே நான் எழுதியிருக்கும் பேச்சுவார்த்தைப் படிகள் உங்களுக்கானவை இல்லை. குடும்ப வன்முறைக்கான உதவி எண்ணை அழைத்து, அவர்களோடு சேர்ந்து வெளியேறும் திட்டம் போடுங்கள். போகப்போகிறேன் என்று அவரிடம் முன்கூட்டிச் சொல்லாதீர்கள், பிரிந்து போகும் நேரமும் அதற்கு அடுத்த சில வாரங்களும்தான் அதிக ஆபத்தான காலம்.

அடி உதை இல்லாத வீடு என்றாலும் மூன்று விஷயங்களை இன்றைக்கே சரிசெய்யுங்கள்.

முதலாவது, படுக்கை. குடித்திருப்பவரோ தூக்க மாத்திரை போட்டிருப்பவரோ கைக்குழந்தையோடு ஒரே படுக்கையில் தூங்கக் கூடாது. பக்கத்தில் குழந்தை இருக்கும் உணர்வு அவருக்கு இருக்காது, புரண்டு படுத்தால் குழந்தைக்கு மூச்சு முட்டிவிடும். குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டு சோபாவில் தூங்கிப்போவது இன்னும் மோசம். பார்க்கப் பாசமாகத்தான் இருக்கும், ஆனாலும் குழந்தையை எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, வண்டி. 30 மில்லி விஸ்கியிலோ ரம்மிலோ ஏறக்குறைய 10 கிராம் ஆல்கஹால் இருக்கிறது, அதைக் கரைக்க உடலுக்குச் சுமார் ஒரு மணி நேரம் வேண்டும். காபி, குளியல், புளித்த ஏப்பம் வருமளவுக்குச் சாப்பாடு எதுவும் அதை வேகப்படுத்தாது. ராத்திரி எட்டு மணிக்கு உட்கார்ந்து 360 மில்லி குடித்தவர் காலை எட்டு மணிக்குக் குழந்தையை வண்டியில் பள்ளிக்கு அழைத்துப் போகும்போதும் போதையில்தான் இருக்கலாம். தூங்கி எழுந்துவிட்டாரே என்று பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள், நானும் பல காலைகள் ஏமாந்திருக்கிறேன். காலைப் பயணத்துக்கு அவரை நம்பாத வேறு ஏற்பாடு ஒன்றை நிரந்தரமாகச் செய்துவிடுங்கள், தினமும் காலையில் அதற்கு வாதாட வேண்டியிருக்காது.

மூன்றாவது, கைக்கு எட்டும் பொருட்கள். மிச்சம் வைத்த கிளாஸ், மாத்திரை அட்டை, சிகரெட் துண்டு, லைட்டர். சிறு குழந்தைக்கு ஆல்கஹால் ரத்தச் சர்க்கரையை வேகமாக இறக்கிவிடும், ஒன்றிரண்டு மடக்கே போதும். ஓபியாய்டு (அபின் வகையைச் சேர்ந்த வலிநிவாரணி) மாத்திரை என்றால் ஒன்றே ஒன்று குழந்தையின் மூச்சை நிறுத்திவிடலாம். பூட்டும் பெட்டி ஒன்று வாங்குங்கள். குடிக்காதே என்று கேட்பதற்கு முன் "பெட்டியில் வைத்துப் பூட்டு" என்று கேளுங்கள், அதற்கு அவர் ஒத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம்.

2. மூன்று வாரம் எழுதிவையுங்கள், யாருக்கும் காட்டாமல்

தேதி, எத்தனை மணிக்கு ஆரம்பித்தார், தோராயமாக எவ்வளவு, அதற்கு முன் அன்று என்ன நடந்தது, குழந்தைகள் எதைப் பார்த்தார்கள், நீங்கள் என்ன செய்தீர்கள். ஒரு நாளைக்கு நான்கு வரி போதும்.

இந்த மாதிரி வீட்டில் நமக்கு நினைவே தடுமாறிப்போகிறது. ஒரு நல்ல வாரம் வந்தால் நாம்தான் பெரிதுபடுத்திவிட்டோமோ என்று தோன்றும், ஒரு கெட்ட நாள் வந்தால் எப்போதுமே இப்படித்தான் என்று தோன்றும். எழுதினால் எது உண்மை என்று தெரியும். என் நோட்டில் தெரிந்தது என்னவென்றால், சம்பள நாளை விட அவருடைய அண்ணனோடு தொலைபேசியில் பேசிய நாட்களில்தான் குடி அதிகம், ஞாயிறு காலை பத்து மணிக்கு அவர் மிகத் தெளிவாக இருந்தார். பின்னால் பேச உட்கார்ந்தபோது அந்த ஞாயிறு காலைதான் உதவியது. மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளும் எவ்வளவு, எத்தனை நாளாக, கடைசியாக எப்போது என்பவைதான்.

புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, நோட்டைக் குற்றப்பத்திரிகையாக்கி அவர் முன் வாசிப்பது. ஒரே நிமிடத்தில் பேச்சு "என்னை வேவு பார்க்கிறாயா" என்று திரும்பிவிடும், அதற்கு அப்புறம் பாட்டில்கள் இன்னும் ஆழமாக ஒளியும்.

3. குழந்தைகளின் நாளைக் குடியிலிருந்து பிரித்தெடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

1980களில் ஸ்டீவன் வோலின், லிண்டா பென்னட் என்ற ஆய்வாளர்கள் குடிநோய் இருந்த குடும்பங்களைப் பார்த்தபோது, குடியின் உச்சத்திலும் சேர்ந்து சாப்பிடும் நேரம், விசேஷ நாட்கள் போன்றவற்றைக் கலையவிடாமல் காத்த வீடுகளில் பிள்ளைகள் வளர்ந்த பின் தாங்களும் குடிநோய்க்குள் போவது குறைவாக இருந்ததைக் கண்டார்கள். அப்பா குடித்தாரா இல்லையா என்பதோடு, அந்தக் குடி வீட்டின் நாளை ஆண்டதா என்பதும் குழந்தையின் வாழ்க்கையை மாற்றுகிறது. முதலாவது உங்கள் கையில் இல்லை. இரண்டாவது ஓரளவு இருக்கிறது.

நடைமுறையில் என்ன செய்வது? சாப்பாட்டுக்கு அவருக்காகக் காத்திருக்காதீர்கள். மணி ஏழரை என்றால் ஏழரை, அவர் வந்தால் உட்காரட்டும், வராவிட்டால் தட்டை மூடிவையுங்கள். அவர் வழக்கமாக வரும் நேரத்துக்கு அரை மணி முன்பே குழந்தைகள் படுக்கையில் இருக்கும்படி மாற்றுங்கள். தூங்கப்போகும் வரிசை தினமும் ஒன்றுபோல இருக்கட்டும்: பல் தேய்ப்பது, ஒரு கதை, விளக்கு. சின்னக் குழந்தைக்குக் கடிகாரம் தெரியாது, அடுத்து என்ன வரும் என்று தெரிவதுதான் அதற்குப் பாதுகாப்பு. பிறந்தநாள், பூங்கா, தோழியின் வீடு எதையும் "அப்பா எப்படி இருக்கிறார் என்று பார்த்துவிட்டு" என்று தள்ளாதீர்கள். அவர் இல்லாமலும் நடக்கும் ஏற்பாடாகவே போடுங்கள், அவர் தெளிவாக வந்தால் சந்தோஷம்.

ஐந்து வயதைத் தாண்டிய குழந்தைக்கு ஒரு சின்னத் திட்டம் சொல்லிக்கொடுங்கள்: சத்தம் வந்தால் எந்த அறைக்குப் போவது, தம்பியைத் தூக்க முயலாமல் கூடவே இருப்பது, யாரை அழைப்பது. தீ விபத்துக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல, சாதாரணக் குரலில், பகலில். ஒரு முறை நடந்தும் பாருங்கள்.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு, அதை நான் செய்தேன். "அப்பா கிச்சன்ல என்ன பண்றார்னு பார்த்துட்டு வா" என்று மகளை அனுப்பியிருக்கிறேன். அவள் ஒவ்வொரு முறையும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து என் முகத்தைப் பார்ப்பாள். பிறகு கேட்காமலே அலமாரிகளைத் திறந்து பார்க்க ஆரம்பித்தாள். குழந்தையை ஒற்றராகவோ தூதுவராகவோ உங்களைத் தேற்றும் ஆளாகவோ வைத்துவிட்டால் அதைக் கழற்ற வருடங்கள் ஆகும். எங்கள் வீட்டில் ஆனது.

4. குழந்தைகளிடம் உண்மையைச் சின்னதாகச் சொல்லுங்கள்

பெரும்பாலோர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், சின்னப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று. அவர்களுக்குத் தெரியும். பெயர்தான் தெரியாது. பெயர் தெரியாத ஒன்றுக்குக் குழந்தை தானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்ளும், அந்தக் காரணம் அநேகமாக அதுவாகவே இருக்கும். ஒரு ராத்திரி என் மகள் கேட்டாள், "நான் கலர் பென்சில தொலைச்சேன்ல, அதனாலயா அப்பா குடிச்சார்?" பென்சில் தொலைந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. இரண்டு மாதமாக அவள் அதைச் சுமந்திருக்கிறாள்.

இரண்டு மூன்று வயதில்: "அப்பாவுக்கு உடம்பு சரியில்ல. அம்மா இங்கேயே இருக்கேன்." இதற்கு மேல் வேண்டாம், கட்டிப்பிடிப்பது மீதியைச் சொல்லும்.

நான்கிலிருந்து ஆறு வயதுக்குள்: "அப்பாவுக்குக் குடிங்கிற நோய் வந்திருக்கு. குடிச்சா அவர் பேசறது, நடக்கறது எல்லாம் மாறிடும். இது உன்னால வரல. உன்னால சரிபண்ணவும் முடியாது, அது பெரியவங்க வேலை." குடிநோயாளிகளின் பிள்ளைகளோடு வேலை செய்பவர்கள் எல்லா இடத்திலும் இதே மூன்றைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்: நீ காரணம் இல்லை, நீ கட்டுப்படுத்த முடியாது, நீ குணப்படுத்த முடியாது. ஒரு முறை சொன்னால் போதாது. மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும், கேட்காத நாளிலும்.

ஏழு எட்டு வயதில் இன்னொன்றைச் சேருங்கள்: "இது ரகசியம் இல்ல. உனக்குப் பயமா இருந்தா டீச்சர்கிட்டயோ, பக்கத்து வீட்டு அத்தைகிட்டயோ சொல்லலாம், நான் கோபப்பட மாட்டேன்." யாரிடம் சொல்லலாம் என்று ஆளைக் குறித்துக்கொடுங்கள். "வெளில சொல்லாதே" என்று வளர்ந்த குழந்தை, வேறு யாராவது அதற்குத் தீங்கு செய்தாலும் வெளியில் சொல்லாது.

மூன்று வாக்கியங்களைத் தவிர்த்துவிடுங்கள். "அப்பா தூங்குறார்" என்று தரையில் விழுந்துகிடப்பவரைக் காட்டிச் சொல்வது; குழந்தை தன் கண்ணை நம்பக்கூடாது என்று கற்றுக்கொள்ளும். "உங்க அப்பா மாதிரி ஆயிடாதே". தன்னில் பாதி அப்பா என்று குழந்தைக்குத் தெரியும், அந்தப் பாதியை வெறுக்கச் சொல்கிறீர்கள். "அப்பா இனிமே குடிக்க மாட்டார்". அது உங்களால் காப்பாற்ற முடியாத வாக்கு, உடைந்தால் உடைவது உங்கள் மேல் இருக்கும் நம்பிக்கை. அதற்குப் பதில் உங்களால் முடிந்ததைச் சொல்லுங்கள்: "அப்பா குடிச்சிருந்தா நாம வண்டியில ஏற மாட்டோம்."

5. பணத்தைப் பிரியுங்கள், சண்டையில்லாமல்

உங்கள் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு, அதில் வீட்டு வாடகை, குழந்தைகளின் செலவு, மூன்று மாதச் சாப்பாட்டுக்கான தொகையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது. எந்தக் கடன் பத்திரத்திலும் உத்தரவாதக் கையெழுத்துப் போடாதீர்கள், அவர் அழுதாலும். ஏற்கெனவே இருக்கும் கடன்களின் பட்டியல் ஒன்று எடுத்துவையுங்கள், உங்கள் பெயரில் எது, அவர் பெயரில் எது என்று.

சூதாட்டம் என்றால் இந்தப் படி இரண்டாவது இடத்துக்கு ஏறிவிடும். கடவுச்சொற்களை மாற்றுவது, கூட்டுக் கணக்கை மூடுவது, கடன் அட்டைகளை நிறுத்துவது எல்லாம் அந்த வாரமே நடக்க வேண்டும். அவருடைய கடனைத் திரட்டி ஒரே தொகையாக அடைத்துவிடுவதுதான் குடும்பங்கள் செய்யும் பெரிய தவறு. நெருக்கடி நீங்கியதும் அவருக்குத் திரும்பவும் கடன் வாங்க இடம் கிடைக்கிறது, நீங்கள் சேமித்தது போயிருக்கும்.

6. உங்களுக்கு ஒரு இடம் தேடுங்கள்

நீங்கள் தூங்காமல், யாரிடமும் பேசாமல் இருந்தால் மேலே சொன்ன எதையும் ஒரு மாதத்துக்கு மேல் நடத்த முடியாது. ஆல்-அனான் 1951 முதல் குடிப்பவர்களின் குடும்பத்தினருக்காக இயங்குகிறது, போதைப்பொருளுக்கு நார்-அனான், சூதாட்டத்துக்கு காம்-அனான். கட்டணம் கிடையாது, பெயரை முழுதாகச் சொல்லத் தேவையில்லை, இணையவழிக் கூட்டங்களும் உண்டு, குழந்தைகள் தூங்கிய பின் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்கலாம். முதல் கூட்டம் பிடிக்காவிட்டால் வேறு குழுவுக்குப் போய்ப் பாருங்கள், ஐந்தாறு முறை போன பின் முடிவெடுங்கள். அவரைக் குடியிலிருந்து மீட்கும் உத்தி அங்கே கிடைக்கும் என்று எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாந்து திரும்புகிறார்கள், அந்தக் கூட்டம் உங்களுக்கானது.

யாரிடம் சொல்வது என்பதிலும் அளவு வேண்டும். ஒரு கோபத்தில் எல்லா உறவினரிடமும் சொல்லிவிட்டால் இருபது பேர் இருபது யோசனை சொல்வார்கள், அவர் இன்னும் மறைவார். இரண்டு பேர் போதும். கூடவே குழந்தையின் வகுப்பு ஆசிரியருக்கு ஒரே ஒரு வரி: "வீட்டில் கொஞ்சம் சிரமமான காலம், குழந்தையிடம் மாற்றம் தெரிந்தால் என்னிடம் சொல்லுங்கள்." விவரம் சொல்லத் தேவையில்லை.

7. தாங்கிப்பிடிப்பதை நிறுத்துங்கள், ஆனால் ஒரு எல்லையோடு

அவருடைய அலுவலகத்துக்குப் போன் செய்து காய்ச்சல் என்று சொல்வது, வாந்தியைத் துடைப்பது, உடைத்ததை மாற்றிவைப்பது, யாரிடமோ வாங்கிய கடனுக்கு மன்னிப்புக் கேட்பது. இவை எல்லாம் குடியின் விலையை அவருக்குப் பதிலாக நீங்கள் கட்டுவது. ஒவ்வொன்றாக விடுங்கள், எளிதானதிலிருந்து. நான் முதலில் விட்டது அலுவலகப் பொய்யை. "இனி நீங்களே பேசிக்கோங்க" என்று போனை அவர் பக்கம் தள்ளினேன், கை நடுங்கியது எனக்குத்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "விளைவை அவரே அனுபவிக்கட்டும்" என்பதைப் புதியவர்கள் சில சமயம் எல்லாவற்றுக்கும் பொருத்திவிடுகிறார்கள். குழந்தைகள் தலையில் விழும் விளைவு எதையும் அப்படி விடக்கூடாது: வாடகை, மின்கட்டணம், குழந்தைகள் நடக்கும் இடத்தில் கிடக்கும் உடைந்த கண்ணாடி. உயிருக்கு ஆபத்தானதையும் விடக்கூடாது. மயங்கிக் கிடப்பவரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், மல்லாந்து கிடந்தால் வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடும். எழுப்பினாலும் எழவில்லை, நிமிடத்துக்கு எட்டு மூச்சுக்கும் குறைவு, ஒரு மூச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவே பத்து வினாடி இடைவெளி, உதடு நீலம், வலிப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று விடாதீர்கள், குடிப்பதை நிறுத்திய பின்னும் வயிற்றில் இருப்பது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும்.

வீட்டில் ஓபியாய்டு பழக்கம் இருந்தால் அதன் வேலையை முறிக்கும் நலாக்சோன் என்ற மருந்தை எங்கே பெறலாம் என்று மருத்துவரிடம் கேட்டு வாங்கிவையுங்கள், எப்படிக் கொடுப்பது என்றும் பழகுங்கள். கொடுத்த பின்னும் ஆம்புலன்ஸ் வேண்டும், மருந்தின் வேலை தீர்ந்ததும் மூச்சு மறுபடி அடங்கலாம்.

8. இப்போது பேசுங்கள்

ஏழு படிகளுக்கு அப்புறம்தான் இது. காரணம் உண்டு. வீடும் பணமும் நாளும் ஓரளவு நிலைத்த பின் பேசும்போது உங்கள் குரல் கெஞ்சாது, மிரட்டாது. இதைக் கேட்காவிட்டால் நாளை என்ன ஆகும் என்ற பயம் பாதி குறைந்திருக்கும், அது அவருக்கும் தெரியும்.

ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கிய கிராஃப்ட் என்ற முறை குடும்பத்தினருக்குப் பேசவும் நடந்துகொள்ளவும் பயிற்சி தருகிறது. சிகிச்சைக்கு மறுத்துக்கொண்டிருந்தவர்களின் குடும்பங்களை வைத்து 1999-ல் வெளியான ஒப்பீட்டில், இந்த முறையைப் பழகிய குடும்பங்களில் 64 சதவீதத்தினரின் ஆள் சிகிச்சைக்குள் வந்தார், எல்லோரும் கூடி எதிரே உட்காரவைத்து நெருக்கும் முறையில் 30 சதவீதம். பலரைத் திரட்டித் திடீரென்று சூழ்ந்துகொள்வது பலன் தருவதுபோலத் தோன்றும், பெரும்பாலான குடும்பங்கள் நடுவிலேயே பின்வாங்கிவிடுகின்றன.

முறை எளிது, செய்வதுதான் கடினம். அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில் நீங்களும் கூட இருங்கள், பேசுங்கள், சிரிக்கலாம். குடித்திருந்தால் சத்தமில்லாமல் குழந்தைகளோடு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். குடிக்காத நேரம் அவருக்கு இனிமையாக வேண்டும், குடித்த நேரம் வெறுமையாக. நாமோ தெளிவாக இருக்கும்போது முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, குடித்திருக்கும்போது மணிக்கணக்கில் அவரோடு வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

பேசும் நாள்: உங்கள் நோட்டு காட்டும் தெளிவான நேரம், குழந்தைகள் வீட்டில் இல்லை, பத்து நிமிடம். என்ன பேச வேண்டும் என்று எழுதி வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நான் சொன்னது கிட்டத்தட்ட இது: "போன வெள்ளிக்கிழமை பாப்பா உங்களுக்காக வரைஞ்ச படத்தை வெச்சுக்கிட்டு தூங்கிட்டா. நீங்க காலைல அத மிதிச்சுட்டுப் போனீங்க, உங்களுக்குத் தெரியாது. நீங்க தெளிவா இருக்கறப்ப அவளுக்கு உங்கள ரொம்பப் பிடிக்கும். எனக்கும். ஒரே ஒரு தடவ டாக்டர்கிட்ட போயிட்டு வரலாம், நான் கூட வரேன்." ஒரு நிகழ்ச்சி, என் உணர்வு, ஒரு வேண்டுகோள். "எப்பவும்", "ஒருநாள்கூட" என்ற சொற்கள் வந்தால் அவர் விதிவிலக்கைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

முதல் முறை மறுத்தார். இரண்டாவது முறையும். மூன்றாவது, வண்டியில் விழுந்து முழங்கையில் தையல் போட்டுக்கொண்டு வந்த மறுநாள் அவரே கேட்டார். அந்த ஜன்னல் ஓரிரு நாள்தான் திறந்திருக்கும், அதனால் எந்த மருத்துவர், எந்த நேரம், குழந்தைகளை யார் பார்ப்பார்கள் என்பதெல்லாம் முன்பே தயாராக வேண்டும். "சரி, விசாரிச்சுச் சொல்றேன்" என்று நீங்கள் சொன்னால் அதற்குள் அவர் மனம் மாறிவிடும்.

நிறைவேற்ற முடியாத எச்சரிக்கை விடாதீர்கள். பிரிந்துவிடுவேன் என்று மூன்று முறை சொல்லிவிட்டு அங்கேயே இருந்தால் நான்காவது முறை அந்தச் சொல்லுக்கு எடை இல்லை.

9. நிறுத்தும் நாட்களை வீட்டில் தனியாக நடத்தாதீர்கள்

பல வருடம் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. கடைசிக் குடிக்குப் பிறகு ஆறு மணி நேரத்திலிருந்து கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் குழப்பம், இல்லாத பூச்சிகளையும் ஆட்களையும் பார்ப்பது, காய்ச்சல் என்று டெலிரியம் ட்ரெமன்ஸ் வரலாம், அதற்கு மருத்துவமனைதான். டயஸெபாம், அல்ப்ராஸோலம் மாதிரி தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் மாத்திரைகளைத் தொடர்ந்து எடுத்துவந்து சட்டென்று நிறுத்தினாலும் வலிப்பு வரும். "சாமி மேல சத்தியமா இன்னையோட விட்டுட்டேன்" என்று அவர் பாட்டிலைக் கவிழ்க்கும் காலையில் சந்தோஷப்படுவதற்கு முன் மருத்துவரை அழையுங்கள். தயமின் (வைட்டமின் பி1) ஊசி உட்பட அவர்கள் பார்க்க வேண்டியவை இருக்கின்றன.

நிறுத்திய முதல் ஐந்து நாட்களும் குழந்தைகள் வேறு வீட்டில் இருப்பது நல்லது. "அப்பா குடியை விடப் பார்க்கிறார், உடம்பு கொஞ்சம் கஷ்டப்படும், டாக்டர் பார்த்துக்கறார்" என்று சொல்லி அனுப்புங்கள்.

அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மருந்து கலப்பது, இதை மிக அழுத்தமாகச் சொல்கிறேன், செய்யாதீர்கள். அப்படி விற்கப்படும் பொடிகளில் டைசல்ஃபிராம் இருக்கலாம். அது உள்ளே இருக்கும்போது குடித்தால் நெஞ்சு படபடத்து ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம், கடைசி வேளைக்குப் பின் இரண்டு வாரம் வரைகூட அதன் வேலை இருக்கும். அவர் அறிந்து, சம்மதித்து, மருத்துவர் மேற்பார்வையில் எடுக்க வேண்டிய மருந்து அது. குடிக்கத் தோன்றும் ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்றவையும், ஓபியாய்டுக்கு புப்ரினார்ஃபின், மெத்தடோன் ஆகியவையும் இருக்கின்றன, கேளுங்கள்.

ஓபியாய்டில் இன்னொரு ஆபத்து: சில வாரம் நிறுத்திவிட்டுப் பழைய அளவையே மறுபடி எடுத்தால் உடல் தாங்காது. சிகிச்சை மையத்திலிருந்து வந்த முதல் வாரங்கள்தான் மிகுந்த கவனம் வேண்டிய காலம்.

10. திரும்பி வந்தவருக்கு வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்

நல்லபடியாக வந்துவிட்டார் என்று சாவி, பணம், குழந்தைகள் எல்லாவற்றையும் முதல் வாரமே ஒப்படைப்பது அவருக்கும் பாரம். எங்கள் வீட்டில் முதலில் அவருக்குக் கிடைத்தது தூங்கும் முன் சொல்லும் கதை மட்டும், நான் அடுத்த அறையில். ஒரு மாதம் கழித்துக் குளிப்பாட்டுவது. தனியாக வெளியே அழைத்துப் போவது ஐந்தாவது மாதம்.

குழந்தைகள் உடனே ஓடிப்போய் ஒட்டிக்கொள்வார்கள் என்று நினைக்காதீர்கள். என் மகள் அவர் தெளிவான பிறகுதான் அவர்மேல் கோபப்பட்டாள், கத்தினாள், புத்தகத்தை எறிந்தாள். இவ்வளவு நாள் அடக்கியது இப்போது வெளியே வருகிறது, பயம் குறைந்ததால் வருகிறது என்று ஆலோசகர் விளக்கிய பிறகே எங்களுக்குப் புரிந்தது.

சறுக்கல் வரலாம். உயர் ரத்த அழுத்தம், ஆஸ்துமா மாதிரி நாட்பட்ட நோய்களில் எத்தனை பேர் திரும்பச் சறுக்குகிறார்களோ ஏறக்குறைய அதே அளவுதான் இதிலும், 40 முதல் 60 சதவீதம். அதனால் அவர் தெளிவாக இருக்கும்போதே இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்: குடித்தால் அன்று ராத்திரி எங்கே தங்குவார், யாரை அழைப்பார், எத்தனை நாளுக்குள் மருத்துவரிடம் போவார், குழந்தைகளிடம் யார் என்ன சொல்வார். இருவரும் கையெழுத்துப் போட்டு அலமாரிக்குள் ஒட்டிவையுங்கள். எங்கள் தாள் இரண்டு முறை பயன்பட்டது. இரண்டு முறையும் புதிதாக எதையும் முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை, எழுதியதைச் செய்தோம்.

11. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டைத் திறங்கள்

அவர் சிகிச்சைக்கு வந்தாலும் வராவிட்டாலும் இது வேண்டும். தங்குவதா பிரிவதா என்ற கேள்வியைச் சண்டை நடந்த ராத்திரியில் முடிவு செய்யாமல், தேதி குறித்து உட்கார்ந்து பாருங்கள்.

அவர் எவ்வளவு குடிக்கிறார் என்பதை ஓரமாக வைத்துவிட்டு முதலில் குழந்தைகளைப் பாருங்கள். நின்றுபோன படுக்கை நனைப்பது திரும்பியிருக்கிறதா, பள்ளி நாட்களில் வயிற்று வலி வருகிறதா, பேச்சு குறைந்திருக்கிறதா. அடம்பிடிப்பதே இல்லாத, தம்பியைத் தானே பார்த்துக்கொள்ளும், உங்கள் முகத்தைப் படித்துப் படித்து நடக்கும் "ரொம்ப நல்ல பிள்ளை"யையும் இந்தக் கணக்கில் சேருங்கள், அந்தக் குழந்தையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். மூன்று மாதத்துக்கு முன் எழுதியதோடு ஒப்பிடுங்கள். இரண்டு முறை தொடர்ந்து குழந்தைகள் மோசமாகிக்கொண்டே போகிறார்கள் என்று நோட்டு சொன்னால், வெளியில் கொடுத்துவைத்த பை எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அந்த வாரமே ஒரு வழக்கறிஞரையும் குழந்தைகளுக்கான ஆலோசகரையும் பார்த்துவிட்டு, எந்த நாள், எந்த வீடு, பள்ளிக்கு எப்படிப் போவார்கள் என்பதை எழுத ஆரம்பியுங்கள்.